நான்காவது ஆஃபர் கொடுப்பதற்கு முன்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக வீடு தேடுகிறீர்கள். இருபத்தைந்து வீடுகளுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. மூன்று வீடுகளுக்கு ஆஃபர் கொடுத்தீர்கள், அதாவது இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தீர்கள், மூன்றும் வேறு யாருக்கோ போய்விட்டன. இப்போது ஒரு வீடு இருவருக்கும் மனதுக்குப் பிடித்துப் போயிருக்கிறது. இன்னும் ஐந்து பேர் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஆஃபர் வந்துவிட வேண்டும். "கேட்கும் விலைக்கு மேலே 8 சதவீதம் போடுங்கள், வீட்டைச் சோதித்துப் பார்க்கும் நிபந்தனையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும்" என்று தரகர் சொல்கிறார். எவ்வளவு போடலாம், நிபந்தனையை எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நிபந்தனையை எடுத்துவிடுவதாக இருந்தால், அதாவது சோதனையில் குறை தெரிந்தால் பின்வாங்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இருந்தால், சோதனையை ஆஃபருக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சோதனையே இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். விலையைப் பொறுத்தவரை, 8 சதவீதம் சரியாகவும் இருக்கலாம், பெரிய தவறாகவும் இருக்கலாம். எதற்கு மேலே 8 சதவீதம் என்பதுதான் விஷயம்.

நான் கட்டுமானப் பொறியாளர். பதினாறு வருடமாக, வீடு வாங்கப் போகிறவர்களுக்காக வீடுகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பதுதான் என் வேலை. அதனால் என் பதில் சோதனையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நானே வாங்கிய முதல் வீட்டில், போட்டி அதிகம் என்று அவசரப்பட்டு, மண்ணுக்குள் போகும் கழிவுநீர்க் குழாயைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் அடைப்பு வந்தது. தோண்டிப் பார்த்தால் பக்கத்து மரத்தின் வேர் குழாயின் பாதி நீளத்துக்குள் புகுந்திருந்தது. முற்றத்தை உடைத்துக் குழாய் முழுவதையும் மாற்றினோம். சமையலறைக்கு என்று வைத்திருந்த பணம் அப்படியே மண்ணுக்குள் போனது.

சரி, விலைக்கு வருவோம்.

கேட்கும் விலை என்பது விற்பவர் போட்ட எண். அது வீட்டின் மதிப்பு அல்ல. சிலர் கூட்டம் சேர வேண்டும் என்று வேண்டுமென்றே குறைத்துப் போடுவார்கள். சிலர் பேரத்துக்கு இடம் விட்டு ஏற்றிப் போடுவார்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு அதிலிருந்து மனதைப் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை. 1987-ல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரே வீட்டைப் பலருக்குக் காட்டி மதிப்புப் போடச் சொன்னார்கள். விவரத்தாள் எல்லாம் ஒன்றுதான், கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதிக விலை பார்த்தவர்கள் அதிக மதிப்புப் போட்டார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, அதே ஊரில் வீட்டுத் தரகே தொழிலாக வைத்திருந்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர், கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. தொழில் தெரிந்தவர்களையே இழுக்கும் எண் நம்மை இழுக்காமல் விடாது. அதனால் "கேட்கும் விலைக்கு மேலே இத்தனை சதவீதம்" என்ற பேச்சையே உங்கள் வீட்டுக்குள் நிறுத்திவிடுங்கள். கீழே இருந்து உங்கள் எண்ணைக் கட்டி எழுப்புங்கள்.

அதற்கு வேண்டியது விற்று முடிந்த விலைகள். விளம்பரத்தில் நிற்கும் விலைகள் உதவாது, அவை வெறும் ஆசைகள். கடந்த ஆறு மாதத்துக்குள், அதே பகுதியில், ஏறக்குறைய அதே அளவும் வயதும் உள்ள மூன்று முதல் ஆறு வீடுகள் கிடைத்தால் போதும். சில நாடுகளில் இந்தத் தகவல் திறந்தே கிடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை நிலப் பதிவகத்தின் தரவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: இன்று பதிவாகும் விலை சில மாதங்களுக்கு முன் பேசி முடித்த விலை. சந்தை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடைவெளியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்களிடம் இதைவிட நல்ல தகவல் ஒன்று இருக்கிறது. நீங்கள் தோற்ற அந்த மூன்று வீடுகள். உள்ளே போய் நடந்து பார்த்தவை, ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு விலை போட்டவை. அவை கடைசியில் என்ன விலைக்குப் போயின என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தரகரால் சொல்ல முடியும். மூன்றும் உங்கள் ஆஃபரைவிட 3, 4 சதவீதம்தான் மேலே போயிருந்தால் உங்கள் மதிப்பீடு சற்றுப் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவே, திருத்திக்கொள்ளலாம். மூன்றும் 15 சதவீதம் மேலே போயிருந்தால் நீங்கள் தேடும் விலை அடுக்கே தவறு. உங்கள் பகுதியில் விலை குறைத்துப் போட்டுக் கூட்டம் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது, நீங்கள் எட்டாத வீடுகளையே ஒவ்வொரு வாரமும் பார்த்துக் களைத்துப் போகிறீர்கள். அப்படியானால் கேட்கும் விலை உங்கள் வரம்பைவிட ஒரு 10 சதவீதமாவது குறைவாக இருக்கும் வீடுகளைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஏழு மாத அலைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. எந்த நாட்டுப் பணமானாலும் சரி, இந்த வீட்டுக்குக் கேட்கும் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதே பகுதியில் விற்ற மூன்று வீடுகள் 97, 101, 104. 97-க்குப் போனது இரைச்சலான சாலையை ஒட்டியது. 104-க்குப் போனதற்குக் கூரையும் மின்கம்பிகளும் புதிது. உங்கள் வீடு 101-க்குப் போனதை ஒத்திருக்கிறது, ஆனால் கூரை சீக்கிரம் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது, அதற்கு 4 ஆகும் என்று வைப்போம். அப்படியானால் இந்த வீடு இன்று இருக்கும் நிலையில் 97. அப்புறம் உங்களுக்கென்று தனியாக இருக்கும் மதிப்பு: வேலைக்குப் போகும் நேரம் குறைகிறது, பெற்றோர் வீடு நடக்கும் தூரம், பத்து வருடம் இங்கேயே இருக்கப் போகிறீர்கள். இதற்காக 3, 4 கூடுதலாகக் கொடுப்பதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆக உங்கள் உச்சவரம்பு 101 அளவில் நிற்கிறது. தரகர் சொல்வது 108. அதுவே, விற்ற வீடுகள் 112, 115 என்று இருந்திருந்தால் 108 நல்ல விலையாக இருந்திருக்கும். 8 சதவீதம் என்ற எண் தன்னளவில் எதையும் சொல்வதில்லை என்றது இதனால்தான்.

101-க்கும் 108-க்கும் இடையே இருக்கும் அந்த 7 எங்கிருந்து வரும் என்று யோசித்தீர்களா? கடன் கொடுக்கும் வங்கி தானாக ஒரு மதிப்பீடு செய்யும். வாங்கும் விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன் என்பது பொதுவான வழக்கம். வங்கி 80 சதவீதம் கொடுக்கிறது, அதன் மதிப்பீடும் 101 என்று வைப்போம். 101-க்கு வாங்கினால் உங்கள் கைப்பணம் 20.2. 108-க்கு வாங்கினாலும் கடன் அதே 80.8 தான், கைப்பணம் 27.2. மேலே போடும் 7 முழுவதும் உங்கள் சேமிப்பிலிருந்து போகிறது. "மாதத் தவணை கொஞ்சம்தான் கூடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள். பதிவுச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், குடிமாறும் செலவு எல்லாம் இதற்கு மேல். வட்டி மாறக்கூடிய கடனாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 20 வருடக் கடனில் வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 15 சதவீதம் ஏறும். அந்தத் தவணையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஆறு பேர் போட்டி என்றதும் மனம் "இன்னும் ஏற்று" என்று சொல்லும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 1971-ல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணெய் வயல் ஏலங்களில் ஜெயித்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரே வயலை எல்லாரும் மதிப்பிடுகிறார்கள், சிலர் குறைத்து, சிலர் கூட்டி. ஏலத்தில் ஜெயிப்பது யார்? பெரும்பாலும், மிகக் கூட்டி மதிப்பிட்டவர். போட்டியாளர் எண்ணிக்கை ஏற ஏற, ஜெயித்தவர் தப்பாக மதிப்பிட்டவராக இருக்கும் வாய்ப்பும் ஏறுகிறது. வீடு முழுக்க முழுக்க எண்ணெய் வயல் போல இல்லை, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மதிப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூரையின் ஆயுளும் குழாயின் நிலையும் மறுபடி விற்கும்போது கிடைக்கும் விலையும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தப் பகுதியில் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

மூடிய ஆஃபராக இருந்தால், அதாவது ஒரே முறை எழுதிக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், தங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளும்படி என் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். இந்த விலைக்கு ஜெயித்துவிட்டேன், அடுத்த ஆள் என்னைவிட 6 குறைவாகத்தான் போட்டிருந்தார் என்று தெரிய வருகிறது, வயிறு எரியுமா? இந்த விலையில் தோற்றுவிட்டேன், ஜெயித்தவர் 1 தான் அதிகம் போட்டிருந்தார். "ஐயோ, அந்த ஒன்றையும் போட்டிருக்கலாமே" என்று தோன்றுமா? இரண்டுக்கும் "இல்லை" என்று சொல்ல முடிகிற எண்தான் உங்கள் எண். அதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை தரகரிடமிருந்து போன் வரும்போது தலை சூடாக இருக்கும். அப்போது யோசிக்கக் கூடாது.

இனி சோதனை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வீட்டில் பெரும்பாலான பெரிய செலவுகள் தண்ணீரில்தான் ஆரம்பிக்கின்றன. அதனால் தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டையும் பாருங்கள். கதவைத் திறந்ததும் முதல் அரை நிமிடம் மூக்கை நம்புங்கள், அதற்குப் பிறகு பழகிவிடும். குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் அறையின் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரே ஒரு திட்டு மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வேகம் பாதியாகக் குறைகிறதா, தண்ணீர் போகும்போது களகளவென்று சத்தம் வருகிறதா? வெளியே வந்து, தரை சுவரை நோக்கிச் சரிகிறதா, சுவரை விட்டு விலகிச் சரிகிறதா என்று பாருங்கள். சுவரை நோக்கிச் சரியும் தரை ஒவ்வொரு மழைக்கும் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

விரிசலைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். பூச்சில் முடிபோல ஓடும் மெல்லிய கோடுகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. என்னைக் கவலைப்படுத்துபவை வேறு: செங்கல் சுவரில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருப்பது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்றால் பொறியாளர் பார்க்காமல் எதுவும் பேசாதீர்கள். சிக்காமல் மூடும் கதவுகளையும் கவனியுங்கள். மேல் விளிம்பு சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தால் நிலை கோணியிருக்கிறது, அதாவது சுவர் நகர்ந்திருக்கிறது. அது எப்போதோ நகர்ந்து நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

மின்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருகிய தடம், பழைய பியூஸ் கம்பி, அறைக்கு அறை நீட்டுக் கம்பிகள் எல்லாம் மறு வயரிங் செலவைக் காட்டுகின்றன. பெரிய அலமாரி சுவரில் அடைத்திருந்தால் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு முறை அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். ஒன்று வேலைநாள் இரவு, முடிந்தால் இன்னொன்று மழையில். பக்கத்து வீட்டாரிடம் "வீடு நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "நல்ல வீடுதான்" என்பார்கள். "பெருமழை பெய்தால் இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும்?" என்று கேளுங்கள். விரல் நீட்டிக் காட்டுவார்கள். எனக்கு இருபது பக்க அறிக்கையில் கிடைக்காத தகவல் அந்த ஒரு கேள்வியில் கிடைத்திருக்கிறது.

இதெல்லாம் நீங்களே செய்யக்கூடியவை. தொழில்முறைச் சோதனையில் ஈரமானி, கழிவுக் குழாய்க்குள் விடும் கேமரா, கூரை மேல் ஏறிப் பார்ப்பது எல்லாம் சேரும். நடுத்தர அளவு வீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், முக்கியமான குறைகளை அன்றைக்கே வாய்வார்த்தையாகச் சொல்லிவிட முடியும். அதனால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே முடித்துவிடலாம். வீடு கிடைக்காவிட்டால் சோதனைக் கட்டணம் போய்விடும்தான். வீட்டு விலையோடு வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய தொகை. ஆறு பேருக்கும் ஆள் விட்டால் விற்பவருக்கும் தொல்லை, அதனால் மறுக்கலாம். மறுத்தாலே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். "அடுத்த முறை பார்க்க வரும்போது ஒரு பொறியாளரைக் கூட்டி வருகிறோம், ஒரு மணி நேரம் போதும்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அதுவும் முடியாது என்றால் நடுவழி ஒன்று உண்டு. சோதனை நிபந்தனையை வையுங்கள், ஆனால் ஐந்து நாளுக்குள் முடிப்போம், அஸ்திவாரம், கூரை, கழிவுநீர், மின்சாரம் இவற்றில் பெரிய குறை இருந்தால் மட்டுமே பின்வாங்குவோம், சில்லறைப் பழுதுகளுக்காக விலை குறைக்கக் கேட்கமாட்டோம் என்று எழுதுங்கள். விற்பவர்கள் பயப்படுவது சோதனையைக் கண்டு இல்லை, அதைச் சாக்காக வைத்து நடக்கும் இரண்டாவது பேரத்தைக் கண்டு. ஸ்காட்லாந்தில் இந்தச் சிக்கலைச் சட்டமே தீர்த்துவைத்தது. 2008 டிசம்பர் முதல், பெரும்பாலான வீடுகளை விற்பனைக்கு வைக்கும்போதே விற்பவர் சோதனை அறிக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்ற இடங்களிலும் இது வந்தால் எவ்வளவோ பேர் தப்பிப்பார்கள் என்பது என் ஆசை.

விலைக்கு அடுத்து, ஆஃபரில் இருக்கும் மற்ற விஷயங்களுக்கு மக்கள் போதுமான கவனம் கொடுப்பதில்லை. விற்பவர் ஏன் விற்கிறார் என்று கேட்டீர்களா? அவர் வேறு வீடு வாங்கியாகிவிட்டதென்றால் அவருக்கு வேகம் முக்கியம். இன்னும் போக இடம் தயாராகவில்லை என்றால் அவகாசம் முக்கியம். வாரிசுகள் நாலு பேர் சேர்ந்து விற்கிறார்கள் என்றால் சிக்கலில்லாமல் முடிவதுதான் முக்கியம். என்னிடம் வந்த ஒரு தம்பதி, மிக உயர்ந்த ஆஃபரைவிட 2 சதவீதம் குறைவாகப் போட்டும் வீட்டை வாங்கினார்கள். விற்ற அம்மாவின் புது வீடு முடிய ஒன்றரை மாதம் இருந்தது. "பத்திரம் முடிந்த பிறகும் ஆறு வாரம் இங்கேயே இருங்கள், வாடகை வேண்டாம்" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு முறை குடிமாறுவதிலிருந்து அந்த அம்மாவுக்கு அது விடுதலை. கடன் ஒப்புதலை வங்கியிடம் எழுத்தாக வாங்கி ஆஃபரோடு இணைப்பது, முன்பணத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது, பத்திரம் முடிக்கும் தேதியை விற்பவர் விருப்பத்துக்கு விடுவது எல்லாம் செலவில்லாமலோ குறைந்த செலவிலோ உங்கள் ஆஃபரை மேலே தூக்கும். உங்கள் ஆஃபருக்கும் ஒரு கெடு வையுங்கள், 48 மணி நேரம் போல. இல்லையென்றால் அதைக் காட்டி மற்றவர்களிடம் விலை ஏற்றுவார்கள்.

குடும்பப் படத்தோடு உருக்கமான கடிதம் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். கடிதத்தைப் பார்த்து இன்னார் என்று தெரிந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒதுக்குவதும் பாகுபாடாக முடியும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-ல் இத்தகைய கடிதங்களுக்கு எதிராகச் சட்டமே இயற்றியது. பேச்சுரிமைக் காரணத்தால் மறு வருடம் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது என்றாலும், அங்கே எழுந்த கவலை நியாயமானது.

தரகரைப் பற்றி. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எது லாபம் என்று பாருங்கள். விலை 7 ஏறினால் உங்களுக்கு 7 நஷ்டம். அவருக்கோ இந்த வாரமே விற்பனை முடிந்தால் கமிஷன் கையில், முடியாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் உங்களோடு அலைய வேண்டும். லெவிட், சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ சுற்றுவட்டாரத்தில் விற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளைப் பார்த்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டைவிட சராசரியாக 9.5 நாள் கூடக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். தன் பணம் என்றால் பொறுமை வந்துவிடுகிறது. அவர் ஆலோசனையைக் கேளுங்கள், உங்கள் உச்சவரம்பை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அவர் விற்பவருக்கும் சேர்த்து வேலை செய்பவர் என்றால் ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

அப்புறம், எந்த நொடியில் நீங்கள் சட்டப்படி மாட்டிக்கொள்கிறீர்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இணையத்தில் வேறு நாட்டுக்காரர் சொன்ன அறிவுரையைப் பின்பற்றி நடப்பதில் ஆபத்து இங்கேதான். நார்வேயில் ஆஃபர் விற்பவரிடம் போய்ச் சேர்ந்ததுமே உங்களைக் கட்டுப்படுத்தும், அவர் ஒப்புக்கொண்டால் வீடு உங்களுடையது. பக்கத்தில் இருக்கும் சுவீடனில் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை யாரும் பின்வாங்கலாம். இங்கிலாந்தில் ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் வரை விற்பவர் வேறொருவரின் பெரிய ஆஃபருக்குத் தாவலாம். பிரான்சில் ஒப்பந்தத்துக்குப் பிறகு வாங்குபவருக்கு 10 நாள் மனம் மாற அவகாசம் உண்டு, நெதர்லாந்தில் 3 நாள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 5 வேலைநாள், ஆனால் ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. உங்கள் ஊரில் எது என்று வழக்கறிஞரிடம் வியாழக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள். மனம் மாற அவகாசம் இருக்கும் இடத்தில், சோதனையை அந்த நாட்களுக்குள் முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இல்லாத இடத்தில் ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

போட்டியில்லாத வீடுகளையும் இந்த ஏழு மாதத்தில் பார்த்திருப்பீர்கள், அதிக நாள் விற்காமல் நிற்பவை. அங்கே பேரத்தின் போக்கே வேறு. தான் வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேரும் ஆள் மனம் ஒப்பாமல் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 1990-களின் பாஸ்டன் அடுக்குமாடி விற்பனைகளை வைத்து ஜெனசோவ், மேயர் இருவரும் 2001-ல் இதைக் காட்டினார்கள். நஷ்டத்தில் இருந்தவர்கள் கூடுதல் விலை கேட்டார்கள், விற்கவும் அதிக நாள் பிடித்தது. அப்படிப்பட்டவரிடம் வீட்டைக் குறை சொல்லி விலை குறைத்தால் கதவு மூடிவிடும். விற்ற வீடுகளின் விலைப் பட்டியலையும் பழுதுச் செலவையும் எழுத்தாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். உங்கள் ஆஃபரை ஏற்றும்போது முதலில் 3, அப்புறம் 1.5, அப்புறம் 0.5 என்று குறைத்துக்கொண்டே போங்கள். உங்கள் வரம்பு எங்கே என்று அவருக்கே புரியும்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம். நாளைக்கே பொறியாளரிடம் நேரம் வாங்குங்கள், அவரோடு நீங்களும் போங்கள், கழிவுக் குழாயில் கேமரா விடச் சொல்லுங்கள். தோற்ற மூன்று வீடுகளின் விலையைக் கேட்டு வாங்குங்கள். வியாழக்கிழமை இரவு எண்ணை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை, வங்கியின் கடிதத்தோடு ஆஃபரைக் கொடுங்கள். அதில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: எங்களைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும், முதல் ஆள் பின்வாங்கினால் இதே விலைக்கு வாங்க 60 நாள் வரை தயாராக இருக்கிறோம். அந்த 60 நாளும் சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதையும் வழக்கறிஞரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிபந்தனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதிக விலை போட்டு ஜெயித்தவர்களுக்குத்தான் வங்கி மதிப்பீடு குறைந்து, பணம் புரளாமல் போகும். போன வருடம் நான் சோதித்துக் கொடுத்த ஒரு வீடு முதலில் வேறொருவருக்குத்தான் போனது. ஐந்தாவது வாரம் அவர் கடன் கிடைக்காமல் விலகிக்கொண்டார். விற்பவர் முதலில் கூப்பிட்டது, அந்த ஒரு வரியை எழுதி வைத்திருந்தவர்களை.